சத்தார் பாயின் தொப்பி அளவு

“இந்த சீலை யார் குத்தினது?”

எலும்பு டாக்டர் என் எக்ஸ்-ரே அறை வாசலில் நின்று கேட்டார். கையில் ஒரு பழைய எக்ஸ்-ரே கவர். பழுப்புக் காகிதம், ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. அதன்மேல் நீல மையில் சீல் இருந்தது: ‘எலும்பு ஃப்ளோரோசிஸ். நல்ல தண்ணீர் குடிக்கவும்.’

“நான்தாங்க டாக்டர்” என்றேன்.

“படத்தைப் பாத்துக் குத்தினீங்களா, ஊரைப் பாத்துக் குத்தினீங்களா?”

டாக்டர் நிவேதா எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது. என் மகள் வயசு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. டார்க் ரூமில் டெவலப்பர் வாடையில் நான் ஃபிலிம் கழுவிக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பெண் பள்ளிக்கூடமே போயிருக்காது. என்னைக் கேள்வி கேட்கிறாள் பார் என்று நினைத்தேன். அந்தக் கோபம் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. தர்மபுரி மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி, அது போதும். ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். என் தப்பை மட்டும் மாற்றவில்லை. ரேடியோகிராஃபர் படிப்பு முடித்துப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் படித்தால் நல்லது. மற்றவர்கள் படித்தால் என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

1. சீல் வந்த கதை

எங்கள் மாவட்டத்து போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஃப்ளோரைடு அதிகம். பல ஊர்களில் பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புப் பட்டை தெரியும். வருஷக்கணக்கில் அதே தண்ணீரைக் குடித்தவர்களுக்கு எலும்பு இறுகிப்போகும். கழுத்தைத் திருப்ப முடியாது, குனிய முடியாது. எக்ஸ்-ரே எடுத்தால் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சாக்பீஸ் மாதிரி வெள்ளையாகத் தெரியும். இடது வலது இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும்.

ஒரு காலத்தில் இதற்காகக் கிராமம் கிராமமாக கேம்ப் போட்டோம். இண்டூர்ப் பக்கமிருந்தெல்லாம் வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவார்கள். எங்களிடம் ரேடியாலஜிஸ்ட் கிடையாது. பெரிய டாக்டர்தான், அதாவது அப்போதைய தலைமை டாக்டர்தான், ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டு “அதேதான்” என்பார். நான் கவர்மேல் எழுத வேண்டும். எழுதி எழுதி விரல் மரத்துப்போனது. “இதுக்கு ஒரு சீல் பண்ணிடு தாயி” என்றார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் கொடுத்து ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கினேன்.

கேம்ப் முடிந்தது. சீல் என் டிராயரிலேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு எலும்பு வெள்ளையாகத் தெரிந்த படம் எது வந்தாலும் பெரிய டாக்டர் “அதேதான்” என்பார், நான் குத்துவேன். பல நாள் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே குத்தியிருக்கிறேன். அதை ஒரு திறமை என்றுதான் நினைத்திருந்தேன். ‘ஸ்டெல்லா மேடம் படத்தைப் பார்த்தாலே சொல்லிடுவாங்க’ என்று வார்டு முழுக்க எனக்குப் பெயர்.

2. சூடான கால்

சத்தார் பாய் ஜென்ட்ஸ் டெய்லர். கடைவீதியில் சின்னக் கடை, காலால் மிதிக்கிற ஒரே ஒரு தையல் மெஷின். ஸ்கூல் யூனிஃபார்ம், சட்டை, லுங்கி ஓரம் அடிப்பது, தொப்பி தைப்பது எல்லாம் அவர்தான். முதல்முறை என்னிடம் வந்தபோது அவருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். வலது முழங்காலுக்குக் கீழே வலி என்று ஓ.பி. சீட்டில் எழுதியிருந்தது.

“காலு வளையுதுங்க மேடம்” என்றார். “பேண்ட் தைக்கிறவன் நான். என் பேண்ட்டு வலது காலு மட்டும் வெளிப்பக்கமா இழுக்குது. துணி பொய் சொல்லாதுங்க.”

டேபிளில் படுக்க வைத்தேன். முன்பக்கமாக ஏ.பி. ஒன்று, பக்கவாட்டில் லேட்டரல் ஒன்று. லேட்டரலுக்காகக் காலைப் பிடித்துத் திருப்பியபோது கையில் சூடு தெரிந்தது. காய்ச்சல்காரர் உடம்பு மாதிரி முழங்காலுக்குக் கீழே அந்த எலும்பு மட்டும் சுட்டது. இடது காலைத் தொட்டுப் பார்த்தேன், சாதாரணமாக இருந்தது. நூற்றுக்கணக்கான ஃப்ளோரோசிஸ் கால்களை இந்தக் கையால் திருப்பி வைத்திருக்கிறேன். ஒரு காலும் சுட்டதில்லை. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, என் கைக்கே தெரிந்தது.

ஃபிலிமைக் கழுவி ஹேங்கரோடு தூக்கிப் பார்த்தேன். எலும்பு தடித்து, வில் மாதிரி வளைந்து, உள்ளே முரட்டுக் கோடு கோடாக இருந்தது.

பெரிய டாக்டரிடம் கொண்டுபோனேன். “சார், ஒரு காலு மட்டுந்தான் இப்படி இருக்குது. தொட்டா சூடாவும் இருக்குதுங்க.”

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. “டெய்லரு. நாள் முழுக்க அந்தக் காலால பெடல மெதிக்கிறான், சூடு இருக்காதா? எலும்பு வெள்ளையா இருக்குதில்ல? அதேதான். சீலக் குத்தும்மா, வெளிய கூட்டத்தப் பாரு.”

குத்தினேன். கை கூசவில்லை. சத்தார் பாய் கவரை வாங்கி சீலைப் படித்துப் பார்த்தார். “தண்ணிதானா? அப்ப ஊருக்கே இருக்கறதுதான்” என்று சிரித்தார். அவருக்கு நிம்மதி. எல்லாருக்கும் இருக்கிற நோவு என்றால் மனுஷனுக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது.

“மேடம், நான் ஒண்ணியும் பெருசா கேக்கல. சாவற வரைக்கும் மெஷின்ல உக்காரணும். அது போதும்” என்றார்.

“கேன் தண்ணி வாங்கிக் குடிங்க பாய், சரியாப் போயிடும்” என்று அனுப்பினேன்.

3. தொப்பி

அதற்கப்புறம் டிஜிட்டல் மெஷின் வந்தது. டார்க் ரூமில் துடைப்பக்கட்டையும் பினாயிலும் குடியேறின. பெரிய டாக்டர் ரிட்டயர்டு ஆகிப் போனார். கொரோனா வந்து, முதல் அலை ஓய்ந்த சமயத்தில் சத்தார் பாய் இரண்டாவது தடவை வந்தார். அன்றைக்கு டூட்டியில் இருந்தவர் ஒரு டெம்பரரி டாக்டர். சீட்டில் ‘தலைவலி, கழுத்து வலி, காது மந்தம். கழுத்து எக்ஸ்-ரே’ என்று எழுதியிருந்தார்.

பாய் சீட்டோடு நீளமான ஒரு நோட்டையும் கொண்டுவந்திருந்தார். டெய்லர்கள் வைத்திருக்கிற அளவு நோட்டு.

“மேடம், இதக் கொஞ்சம் பாருங்க. ஒவ்வொரு ரம்ஜானுக்கும் எனக்கு நானே ஒரு தொப்பி தெச்சுக்குவேன். அளவெடுத்து இதுல எழுதிடுவேன். பாருங்க, இருவத்திரண்டு இஞ்சு. அடுத்த வருஷம் இருவத்திரண்டேகால். அப்பறம் இருவத்திரண்டர. இருவத்திரண்டேமுக்கா. இந்த வருஷம் இருவத்திமூணுக்கும் மேல போவுது. பழைய தொப்பி ஒண்ணும் தலைல நிக்கல. தலை பெருசாவுதுங்க.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பாய், வயசானா எல்லாருக்கும் தலைக்கனம் கூடும்” என்றேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார்.

வாய்க்கொழுப்பு. வேறென்ன சொல்ல. நாற்பது வருஷமாக டேப் பிடிக்கிற மனுஷன், கால் அங்குலம் பிசகாதவன், எழுதிவைத்த கணக்கோடு வந்து நிற்கிறான். அதைவிடப் பெரிய டெஸ்ட் ரிப்போர்ட்டை எந்த லேபிலும் கொடுக்க மாட்டார்கள். நான் அதை ஜோக்காக்கி அனுப்பினேன்.

கழுத்துக்கு லேட்டரல் எடுத்தேன். இங்கே தொழில் விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கழுத்து லேட்டரல் எடுத்தால் மேலே மண்டை ஓட்டின் பின்பக்கமும் கொஞ்சம் படத்தில் விழும். பிரிண்ட் போடும் முன்பு கம்ப்யூட்டரில் அதை க்ராப் பண்ணிவிடுவது என் வழக்கம். கேட்டது கழுத்து, கழுத்து மட்டும்தான் தெரிய வேண்டும். ‘ஸ்டெல்லா மேடம் படம்னா சுத்தமா இருக்கும்’ என்று அதற்கும் ஒரு பெயர் வாங்கி வைத்திருந்தேன். சத்தார் பாய் படத்தையும் சுத்தமாக வெட்டி பிரிண்ட் போட்டேன். கழுத்தில் வயசுக்கேற்ற தேய்மானத்தைத் தவிர ஒன்றுமில்லை. டெம்பரரி டாக்டர் பாய் கொண்டுவந்திருந்த பழைய கவரில் என் சீலைப் பார்த்தார். “ஓ, ஃப்ளோரோசிஸ் கேஸா” என்று வலி மாத்திரை எழுதினார். சீல் இரண்டாவது தடவை வேலை செய்தது. இந்த முறை நான் குத்தவேகூட வேண்டியிருக்கவில்லை.

4. வெட்டாத படம்

ஒன்றரை வருஷம் கழித்து சத்தார் பாய் மூன்றாவது தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தபோதுதான் டாக்டர் நிவேதா அவர் கவரோடு என்னிடம் வந்து நின்றார். அந்தப் பத்து நிமிஷத்துக்கு வருகிறேன்.

“அவரோட கழுத்துப் படம் கம்ப்யூட்டர்ல இருக்கா? வெட்டாதது?” என்று கேட்டார்.

இருந்தது. பழைய படங்களை நான் அழிப்பதில்லை. ஐ.டி. நம்பரைத் தட்டி, க்ராப்பை எடுத்துவிட்டேன். வெட்டிப்போட்ட மேல்பாகம் திரையில் திரும்பி வந்தது. மண்டை ஓட்டின் பின்பக்கம் ஒரு விரல் தடிமனுக்கு உப்பி, பஞ்சைப் பிய்த்து ஒட்டிவைத்த மாதிரி திட்டுத்திட்டாக இருந்தது. டாக்டர் திரையருகே குனிந்து பார்த்தார். என் கோபம் அங்கேயே செத்துப்போனது.

“பேஜட் நோய்” என்றார் டாக்டர். “நம்ம பக்கம் அபூர்வம். உடம்பு முழுக்க வராது. அங்க ஒரு எலும்பு, இங்க ஒரு எலும்புன்னு புடிக்கும். புடிச்ச எலும்பு வேகவேகமா உடைஞ்சு, வேகவேகமா தப்புத்தப்பா வளரும். அந்த எலும்புல ரத்தம் நிறைய ஓடும், அதான் சூடு. மண்டையப் புடிச்சா தலை பெருசாவும். காது நரம்பக் கெடுக்கும்.”

“மருந்து இருக்குதுங்களா?”

“ஒரே ஒரு ஊசி, டிரிப்ஸ்ல போடறது. வளர்றத நிறுத்திடும். வலி குறையும். ஆனா போன காது திரும்பி வர்றது கஷ்டம்.”

தொட்டபோது சுட்டதை என் கை சொன்னது. தலை பெருத்ததை அவர் நோட்டு சொன்னது. மண்டை ஓட்டைப் படமே காட்டியது. மூன்றையும் நான் கடந்து வந்திருக்கிறேன். அப்போதே பிடித்திருந்தால் காது தப்பியிருக்கும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

5. நாயும் தட்டம்மையும்

சத்தார் பாயையும் அவர் மனைவி ஜரீனாவையும் கூப்பிட்டு உட்கார வைத்து டாக்டர் விவரம் கேட்டார். படங்களோடு நானும் பக்கத்தில் நின்றேன். பாய்க்கு இடது காது சுத்தமாகப் போயிருந்தது. வலது காதில் சத்தம் போட்டால் பாதி விழும். ஜரீனா ஒவ்வொரு கேள்வியையும் காதருகே குனிந்து திருப்பிச் சொன்னார்.

“சின்ன வயசுல தட்டம்மை வந்துச்சா?”

“வந்துச்சுன்னு எங்கம்மா சொல்வாங்க. ரொம்ப முடியாமக் கெடந்தனாம்” என்றார் பாய்.

“வூட்ல நாய் வளத்தீங்களா?”

பாய் முகம் மாறியது. “நாங்க வளக்க மாட்டமுங்க டாக்டர்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “கடைப்படியில தெருநாய் ஒண்ணு படுத்துக்கும். பிஸ்கட் போடுவேன். வாயில நுரை, காலு வெட்டி வெட்டி இழுக்கும். அப்பறம் செத்துப்போச்சு. ரொம்ப வருஷமாச்சு. ஏனுங்க?”

டாக்டர் சும்மா தலையாட்டி எழுதிக்கொண்டார். அவர்கள் போனபிறகு நான் கேட்டேன், நாய்க்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று.

“இந்த நோய்க்கு என்ன காரணம்னு யாருக்கும் சரியாத் தெரியாது மேடம். சிலருக்குப் பரம்பரையா வருது. வைரஸா இருக்கலாம்னு ஒரு சந்தேகம் ரொம்ப நாளா இருக்கு. சின்ன வயசுல வந்த தட்டம்மை வைரஸ் எலும்புக்குள்ள பதுங்கி, வயசானப்பறம் வேலையைக் காட்டுதோன்னு. நாய்க்கு வர்ற டிஸ்டெம்பர் வைரஸும் தட்டம்மைக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி. அதையும் சந்தேகப்பட்டாங்க. எலும்பு செல்லுக்குள்ள வைரஸ் மாதிரி ஏதோ தெரியுதுன்னு சிலர் சொன்னாங்க, இல்லவே இல்லன்னு சிலர் சொன்னாங்க. இன்னும் நிரூபிக்கல. எனக்குத் தெரிஞ்சுக்கணும்னு ஆசை, அதான் கேட்டேன்.” எழுந்து போகும்போது நின்று சொன்னார்: “அப்படியே வைரஸா இருந்தாலும் இவர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது. இதை வெளிய பேசாதீங்க.”

கடைசி வாக்கியத்தை மறுபடியும் எழுதுகிறேன். இதை வெளியே பேசாதீர்கள் என்று சொன்னார். தெளிவாகத்தான் சொன்னார்.

6. டீ நேரம்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? அன்று சாயங்காலமே டீ குடிக்கும்போது மருந்துக் கவுன்ட்டர் முருகேசனிடம் சொல்லிவிட்டேன்.

“சத்தார் பாய்க்குத் தண்ணி நோவு இல்லையாம் முருகேசா. வேற ஏதோ அபூர்வமான நோவாம். வைரஸாம். நாய்கிட்டேருந்துகூட வந்திருக்கலாமாம்.”

ஏன் சொன்னேன் என்று பல நாள் யோசித்துப் பார்த்தேன். வம்பு பேசுகிற ஆசை என்றால்கூடப் பரவாயில்லை. அது இல்லை. சீல் தப்பு என்கிற சேதி அன்று மத்தியானமே ஆஸ்பத்திரியில் பரவியிருந்தது. வைரஸ், அபூர்வம், யாருக்கும் தெரியாத நோவு என்று சொல்லிவிட்டால் அதை நான் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும் என்று ஆகிவிடும் அல்லவா? என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னேன். ‘இருக்கலாம்’, ‘நிரூபிக்கவில்லை’, ‘ஒட்டாது’ என்கிற வார்த்தைகளை எல்லாம் க்ராப் பண்ணிவிட்டுச் சொன்னேன். அதுதான் எனக்குக் கைவந்த கலையாயிற்றே.

முருகேசன் கெட்டவன் இல்லை. அவன் பெண்டாட்டியிடம் சொல்லியிருப்பான். அவள் யாரிடமோ. கொரோனா முடிந்து எல்லாரும் அப்போதுதான் முகத்தில் இருந்து மாஸ்க்கைக் கழற்றிய நேரம். வைரஸ் என்கிற சொல்லைக் கேட்டாலே ஆட்கள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்த காலம்.

ஊசி போட மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினார்கள். போட்டார்கள். அரைமணி நேர டிரிப்ஸ், அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் கால் வலி பாதிக்கு மேல் குறைந்தது. ரத்த டெஸ்டில் எலும்பு வளர்கிற வேகத்தைக் காட்டும், உச்சியில் நின்ற நம்பர் மடமடவென்று இறங்கியது. காலைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. காது மட்டும் திரும்பவில்லை. மீதி இருந்ததும் போய்விட்டது.

“காது போனாப் போவுதுங்க மேடம்” என்று சத்தமாகச் சொன்னார். தன் குரல் தனக்குக் கேட்காததால் எதையும் சத்தமாகத்தான் சொல்வார். “மெஷின்ல உக்கார முடியுது. அது போதும்.”

உட்கார்ந்தார். ஜூன் மாதம் வந்தது. டெய்லர் கடைகளுக்கு அதுதான் அறுவடைக் காலம். ஒவ்வொரு வருஷமும் அவர் கடைப்படியில் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். டேப்பைக் கழுத்தில் சுற்றி, தோளுக்குப் போட்டு, இடுப்பைப் பிடித்து அளவெடுப்பார். அந்த வருஷம் ஒரு பிள்ளையும் வரவில்லை.

என் தெருவில் ஒரு அம்மா என்னிடமே கேட்டாள். “ஆஸ்பத்திரில இருக்கறீங்க, உங்களுக்குத் தெரியும். சத்தார் பாய்க்கு நாய் வைரஸாமே? அந்த டேப்பு எங்க புள்ள கழுத்துல பட்டா ஒண்ணும் ஆவாதுங்களா?”

“ஒண்ணும் ஆகாது. ஒட்டற நோவு இல்ல அது” என்று அடித்துச் சொன்னேன்.

“அப்படீங்களா” என்றாள். பிள்ளையை வேறு கடைக்குத்தான் கூட்டிப்போனாள். நான் ஒருமுறை சாதாரணமாகச் சொன்னதை ஊரே நம்பியது. அதே நான் பத்து முறை சத்தியம் பண்ணிச் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை. டாக்டர் நிவேதா பஞ்சாயத்து ஆபீசுக்கே போய்ப் பேசிப் பார்த்தார். அங்கே ஒருவர் கேட்டாராம்: “சரிங்க, ஒட்டாதுன்னு சொல்றீங்க. எதனால வந்துச்சுன்னு சொல்லுங்க.” டாக்டர் உள்ளதைச் சொன்னார், தெரியாது என்று. காரணம் தெரியாது என்று சொல்கிற டாக்டரை எங்கள் ஊரில் யார் மதிப்பார்கள்?

ஜரீனா ஒருநாள் மாத்திரை வாங்க வந்தார். வராந்தாவில் என்னைப் பார்த்து நின்றார்.

“தண்ணின்னு சீலு குத்தினீங்க. ஓஞ்சு உக்கார்ற வயசுல கேன் தண்ணி சொமந்து குடிச்சோம். அப்பறம் வைரஸ்ன்னீங்க. வூட்டுப் பக்கம் ஒரு காக்கா வரல. அடுத்தது என்னா சொல்லப் போறீங்க மேடம்? சொல்லிடுங்க, முன்னாடியே ரெடியா இருக்கறோம்.”

அவருக்கு வைரஸ் பேச்சு ஆஸ்பத்திரியில் இருந்து வந்தது என்று மட்டும்தான் தெரியும். யார் வாயில் இருந்து என்று தெரியாது.

7. ஆறு உறைகள்

ரிட்டயர்டு ஆனேன். கடைசி நாள் டிராயரைக் காலிபண்ணும்போது சீல் கையில் வந்தது. டாக்டர் நிவேதாவிடம் காட்டினேன். “எரிச்சுடுங்க” என்றார். ஆஸ்பத்திரிக் குப்பையைக் கொளுத்துகிற இடத்தில் போட்டேன். ரப்பர் ஆனதால் புகைந்து நாறியது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் தெரிவதை எழுதுங்கள். ஊரில் இருக்கிற நோவை ஆளின்மேல் எழுதாதீர்கள். ஓரத்தில் விழுந்ததை வெட்டாதீர்கள். நோயாளி ஏதாவது அளந்து எழுதிக்கொண்டு வந்தால் உட்கார்ந்து படியுங்கள். டாக்டர் சொன்ன சந்தேகத்தை டீக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். இவ்வளவுதான் நான் கற்றது. கற்றதற்கு விலை கொடுத்தது நான் இல்லை.

பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தேன். நானும் என் வீட்டுக்காரரும் இரண்டே பேர். மாதம் ஒருமுறை துணி எடுத்துக்கொண்டு சத்தார் பாய் கடைக்குப் போவேன். அவர் ஜென்ட்ஸ் டெய்லர், நான் என்ன தைக்கக் கொடுக்க முடியும்? தலையணை உறை. ஆறு, ஆறாகக் கொடுத்தேன். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து நேராக அங்கேதான் போவேன். வேறு வேலை ஏதும் மெஷின்மேல் இருக்காது. யாரோ ஒருவரின் பழைய பேண்ட் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. அவர் மட்டும் மெஷினில் நேராக உட்கார்ந்திருப்பார். தலையில் பெரிய தொப்பி.

காது கேட்காததால் சொல்ல வேண்டியதை எல்லாரும் அளவு நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். ஐந்தாவது மாதமோ ஆறாவது மாதமோ நான் துணியை நீட்டியபோது, வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

“மேடம், போன மாசம் ஆறு. அதுக்கு முந்தின மாசம் ஆறு. உங்க வூட்ல எத்தினி பேரு படுக்கறீங்க?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நோட்டையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார்.

‘வேலை இருக்கட்டும் என்றுதான்’ என்று எழுதியிருக்கலாம். அவரும் சிரித்துவிட்டு அடுத்த மாதமும் தைத்துக் கொடுத்திருப்பார். பக்கத்தைத் திருப்பினேன். என் பெயர் போட்டு, தலையணை நீளம், அகலம் எழுதியிருந்தது. அதற்கு முந்தைய பக்கங்களில் ஜூன் மாதம் வராமல் போன பிள்ளைகளின் பெயர்கள், பழைய வருஷத்து அளவுகளோடு இருந்தன. என்னால் பொய் எழுத முடியவில்லை. எழுதினேன்:

‘பாய், உங்களுக்கு வைரஸ் என்று வெளியே முதலில் சொன்னது நான்தான். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் சொன்னேன்.’

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். மறுபடியும் படித்தார். நோட்டை மூடி டேப்பை அதன்மேல் சுருட்டி வைத்தார். துணியை விரித்து, சாக்பீஸால் ஆறு கோடு போட்டார். நான் எழுந்து நின்றேன். உள்ளே இருந்து ஜரீனா எட்டிப்பார்த்தார்.

“வியாழக்கிழமை வந்து வாங்கிக்கங்க” என்றார் சத்தார் பாய், துணியைவிட்டுக் கண்ணை எடுக்காமல். “அதுக்கப்பறம் வராதீங்க மேடம்.”

அவர் மெதுவாகத்தான் சொல்ல நினைத்திருப்பார். கடைவீதி முழுக்கக் கேட்டது.

வியாழக்கிழமை போனேன். கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே மெஷின் சத்தம் இல்லை. பக்கத்து வளையல் கடைக்காரர் என் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து தலையணைகளுக்கு மாட்டிப் பார்த்தேன். ஆறும் கால் அங்குலம்கூடப் பிசகாமல் சரியாக இருந்தன.